பெரிய பெயரா, தாங்கக்கூடிய கட்டணமா? வெளிநாட்டு எம்.எஸ். படிப்புக்கு ஒரு நேர்மையான கணக்கு

மார்ச் முடிவதற்குள் அமெரிக்காவிலிருந்து பெரும்பாலான அட்மிட் கடிதங்கள் வந்து சேர்ந்துவிடும். அதன்பிறகு வீட்டில் தூக்கம் போகும். ஒரு பக்கம் கொலம்பியா, கார்னகி மெல்லன் போல உறவினர்களுக்கெல்லாம் தெரிந்த பெயர். இன்னொரு பக்கம் டெக்சாஸிலோ பஃபலோவிலோ உள்ள அரசுப் பல்கலைக்கழகம், கட்டணம் பாதிதான். சில வீடுகளில் ஜெர்மனியின் ஆகன், கெம்னிட்ஸ், மாக்டபுர்க் என்று மூன்றாவது வாசலும் திறந்திருக்கும். அங்கே கல்விக் கட்டணமே இல்லை.

கடன் வாங்கிப் பொறியியல், கணினி அறிவியல், டேட்டா சயின்ஸ் முதுகலை படிக்கப் போகிறவர்களுக்கான ஒப்பீடு இது. எம்பிஏ, சட்டம் இரண்டுக்கும் இது பொருந்தாது. அங்கே பெயர்தான் பாதிப் படிப்பு, கணக்கே வேறு.

## முதலில், எதை வைத்து அளப்பது

ஊர் திரும்பினாலும் கடன் கட்ட முடியுமா? எங்கள் பார்வையில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி இதுதான். "அங்கே வேலை கிடைத்துவிட்டால்" என்று தொடங்கும் கணக்கில் எந்தப் பல்கலைக்கழகமும் நல்ல தேர்வாகவே தெரியும். வேலை கிடைக்காமல், அல்லது கிடைத்தும் எச்-1பி (அமெரிக்காவில் தொடர்ந்து வேலை பார்க்கத் தேவையான, குலுக்கலில் கிடைக்கும் விசா) விழாமல், மூன்று வருடத்தில் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பினால் மாதத் தவணை எவ்வளவு, கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். தவணை சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டினால் குடும்பம் மூச்சுத் திணறும். அதற்குப் பிறகு வீட்டு வாடகை இருக்கிறது, பெற்றோரின் மருத்துவம் இருக்கிறது.

படிப்பு முடியும்வரை ஆகும் மொத்தச் செலவு. கல்விக் கட்டணம் அதில் ஒரு பங்குதான். வாடகை, மருத்துவக் காப்பீடு, பல்கலைக்கழகத்தின் கட்டாயக் கட்டணங்கள், படிப்பு நீளும் மாதங்கள், கடன் தவணை தொடங்குவதற்கு முன்பே சேரும் வட்டி எல்லாம் சேர வேண்டும்.

துறைக்கு உள்ள பெயர். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூஎஸ் தரவரிசையில் 30 சதவீதம் கல்வியாளர்களிடம் கேட்கும் நற்பெயர் வாக்கெடுப்பு, 15 சதவீதம் நிறுவனங்களிடம் கேட்பது. பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கிய அந்தப் பட்டியல், நீங்கள் உட்காரப் போகும் வகுப்பைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை.

படித்தபின் வேலை செய்யும் உரிமை, படிக்கும் ஊர், காலத்தில் முடிக்கும் வாய்ப்பு. இந்த மூன்றையும் ஒவ்வொரு தேர்வுக்குள்ளும் பார்ப்போம்.

## மூன்று மாதிரிக் கணக்கு

இவை கணக்கு புரிவதற்கான மாதிரித் தொகைகள். உங்கள் கடிதத்தில் உள்ள எண்களைப் போட்டு இதே வரிசையில் நீங்களும் செய்து பாருங்கள். டாலர் 90 ரூபாய், யூரோ 105 ரூபாய், கடன் வட்டி 11 சதவீதம், படிப்பு முடிந்து 6 மாதத்தில் தவணை தொடக்கம், திருப்பிக் கட்ட 10 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டோம்.

| | பெரிய பெயர், அமெரிக்கத் தனியார் | அமெரிக்க அரசுப் பல்கலை | ஜெர்மன் அரசுப் பல்கலை |
|---|---|---|---|
| படிப்புக் காலம் | 16 மாதம் | 21 மாதம் | 30 மாதம் |
| கல்விக் கட்டணம் | 75,000 டாலர் | 38,000 டாலர் | செமஸ்டருக்கு 300 யூரோ வீதம் 1,500 யூரோ |
| வாழ்க்கைச் செலவு | மாதம் 2,200 டாலர் | மாதம் 1,400 டாலர் | மாதம் 1,050 யூரோ |
| காப்பீடு, பயணம், பிற | 5,000 டாலர் | 4,600 டாலர் | 1,500 யூரோ |
| மொத்தம் | சுமார் ரூ. 1.04 கோடி | சுமார் ரூ. 65 லட்சம் | சுமார் ரூ. 36 லட்சம் |
| இதில் கடன் | ரூ. 80 லட்சம் | ரூ. 45 லட்சம் | ரூ. 20 லட்சம் |
| தவணை தொடங்கும்போது கடன் | ரூ. 92 லட்சம் | ரூ. 54 லட்சம் | ரூ. 26 லட்சம் |
| மாதத் தவணை | சுமார் ரூ. 1,27,000 | சுமார் ரூ. 74,000 | சுமார் ரூ. 35,500 |

திரும்பி வந்தவருக்குச் சென்னையில் கைக்கு 80,000 ரூபாய் வரும் வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் தேர்வின் தவணையைக் கட்டவே முடியாது. மூன்றாவது, கஷ்டப்பட்டாவது கட்டக்கூடிய எல்லையில் நிற்கிறது. நடுவில் உள்ளதுதான் பலர் கவனிக்காமல் விடுவது: "மலிவு" என்று நாம் பேசும் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகமும் சம்பளத்தை ஏறக்குறைய முழுதாக விழுங்குகிறது. தவணைக் காலத்தை 15 ஆண்டாக நீட்டினாலும் மாதம் 61,000 ரூபாய்க்குக் கீழே இறங்காது. பாதிக் கட்டணம் என்பது தாங்கக்கூடிய கட்டணம் என்று ஆகிவிடாது. உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ சேர்ந்தால்தான் நடுத் தேர்வு உண்மையிலேயே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றதாகிறது.

## தேர்வு 1: பெரிய பெயர், பெரிய கட்டணம்

பெயர் எதை வாங்கித் தருகிறது என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பெரிய நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கின்றன. முன்னாள் மாணவர்கள் ரெஃபரல் தருகிறார்கள். விண்ணப்பக் குவியலில் நம் ரெஸ்யூமே மேலே வருவதற்கு இன்றைக்கு அதுதான் பெரிய வழி. இந்தியாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலை தேடிப் போனாலும் அந்தப் பெயரைப் பத்து வருடம் கழித்தும் அடையாளம் தெரிந்துகொள்வார்கள்.

தரவரிசைக்கே நேரடிப் பயன் உள்ள இடங்களும் உண்டு. பிரிட்டனின் ஹை பொடென்ஷியல் இன்டிவிஜுவல் விசா, அந்நாட்டு அரசு வெளியிடும் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கடந்த 5 ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்களுக்கு, வேலை கையில் இல்லாமலேயே 2 ஆண்டு தங்க அனுமதி தருகிறது. நெதர்லாந்தும் உலகின் முதல் 200 இடங்களுக்குள் உள்ள பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்கு, பட்டம் வாங்கிய 3 ஆண்டுக்குள் விண்ணப்பித்தால், வேலை தேட ஓர் ஆண்டு தருகிறது. அமெரிக்காவில் கதவு மூடினால் இந்த இரண்டும் உண்மையான மாற்று வழிகள். முடிவெடுக்கும்போது இவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடனும் எளிதாகும். எஸ்பிஐ, பேங்க் ஆஃப் பரோடா போன்ற வங்கிகள் தேர்ந்தெடுத்த வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கென்று பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் உள்ள பெயர் என்றால் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காமலே பெரிய தொகை கிடைக்கும். ஆனால் எளிதாகக் கிடைக்கும் கடன் எளிதாகக் கட்டக்கூடிய கடன் ஆகாது. பட்டியலில் இருப்பதால் 80 லட்சம் தரும் வங்கி, உங்கள் துறையில் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று பார்த்துத் தருவதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள்:

*பெயர் பல்கலைக்கழகத்துடையது, படிப்பு வேறு.* பல பெரிய நிறுவனங்கள் தொழில்முறை முதுகலைப் படிப்புகளைத் தனிப் பள்ளியின் கீழ், வேறு ஊரில் உள்ள கிளை வளாகத்தில்கூட நடத்துகின்றன. சேர்க்கை தளர்வு, வகுப்பு பெரிது, கட்டணம் முழுசு. இதைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். பிஎச்.டி. மாணவர்கள் எடுக்கும் அதே பாட எண்களை நீங்களும் எடுக்கலாமா? ஆய்வேடு எழுதும் வாய்ப்பு உண்டா? பிரதான வளாகத்தின் வேலைவாய்ப்பு மையமும் கேரியர் ஃபேரும் உங்களுக்குத் திறந்திருக்குமா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் நீங்கள் வாங்குவது பெயரை மட்டும்தான்.

*எம்.எஸ். மாணவருக்கு ஃபண்டிங் அரிது.* ஆர்ஏ, டிஏ (ஆய்வு உதவியாளர், பாட உதவியாளர்) பணிகள் பிஎச்.டி. மாணவர்களுக்கே போய்விடும். "போனபிறகு பேராசிரியரைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கையில் வரவுக் கணக்கு எழுதாதீர்கள்.

*காலம் குறைவு.* 16 மாதப் படிப்பில் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரே ஒரு கோடைதான். அதற்கான ஆள் எடுப்பு, நீங்கள் விமானத்தை விட்டு இறங்கிய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். கிளம்புவதற்கு முன்பே ரெஸ்யூமேயும் கோடிங் பயிற்சியும் தயாராக இருக்க வேண்டும். கார்னெலின் எம்.இங். (தொழில்முறைப் பொறியியல் முதுகலை) போன்ற இரண்டு செமஸ்டர் படிப்புகளில் நடுவில் கோடையே கிடையாது. நேராக முழுநேர வேலைக்குத்தான் முயல வேண்டும். முன் அனுபவம் இல்லாத புது பட்டதாரிக்கு இது பெரிய இழப்பு.

இந்தியாவில் நல்ல நிறுவனத்தில் மூன்று நான்கு ஆண்டு வேலை பார்த்தவர், அடுத்த கட்டத்துக்கு ஒரு பெயர் மட்டுமே தேவைப்படுகிறவர், கடனில் பெரும்பகுதியைச் சேமிப்பால் குறைக்கக்கூடியவர் ஆகியோருக்கு இந்தத் தேர்வு பொருந்தும். ரோபாட்டிக்ஸ், மொழித் தொழில்நுட்பம் போல ஒரு குறுகிய துறையில் கார்னகி மெல்லன் மாதிரியான இடத்தில்தான் கிடைக்கும் ஆய்வகத்துக்காகப் போகிறவருக்கும் பொருந்தும். கல்லூரி முடித்த கையோடு, வீட்டை அடமானம் வைத்து, "நல்ல பெயர்" என்பதற்காக மட்டும் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

## தேர்வு 2: கட்டணம் குறைந்த அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம்

இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் படித்தபின் கிடைக்கும் சட்ட உரிமைகளில் பெயருக்குத் தனி இடம் கிடையாது. ஓபிடி (படித்தபின் அங்கே வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பானால் கூடுதலாக 24 மாதம், ஆக 36 மாதம். யாருக்கும் இதே அளவுதான். எச்-1பி-யில் பொது ஒதுக்கீடு 65,000, அமெரிக்க முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. கொலம்பியா பட்டமும் பஃபலோ பட்டமும் அந்த 20,000-க்குள் ஒரே வரிசையில் நிற்கின்றன. முக்கியமான விலக்கு, லாப நோக்கில் நடக்கும் கல்வி நிறுவனத்தின் பட்டம்; அதை வைத்து இந்த 20,000 ஒதுக்கீட்டில் நுழைய முடியாது. கட்டணம் குறைவு என்று யாராவது அறிமுகமில்லாத தனியார் நிறுவனத்தைக் காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது அது லாப நோக்கற்றதா, அங்கீகாரம் பெற்றதா என்பதைத்தான்.

ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2026 முதல் எச்-1பி தேர்வு சம்பள நிலையைப் பொறுத்து எடை பெறுகிறது. மிக உயர்ந்ததான நான்காம் நிலைச் சம்பளம் உள்ள விண்ணப்பம் நான்கு முறை கணக்கில் சேரும், முதல் நிலை ஒரே முறை. பட்டத்தின் பெயர் இங்கும் நேரடியாக வருவதில்லை. ஆனால் பெரிய சம்பள வேலைக்குப் பெயர் உதவுகிற அளவுக்கு மறைமுகமாக வருகிறது. இதைத் தேர்வு 1-க்கு ஆதரவான வாதமாக எடுத்துக்கொள்ளலாம். அதே சமயம், புது பட்டதாரிகள் பெரும்பாலும் முதல் இரண்டு நிலைகளில்தான் வேலைக்குச் சேர்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் திரும்பி வரும் வாய்ப்பை முன்பைவிடக் கூடுதலாகக் கணக்கில் வைக்க வேண்டிய காலம் இது.

கட்டணம் இங்கே எப்படி இறங்கும்?

டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் அருமையான ஒரு வழி உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் போட்டி அடிப்படையில் தரும் உதவித்தொகை குறைந்தது 1,000 டாலராக இருந்தால், வெளிநாட்டு மாணவருக்கும் உள்மாநிலக் கட்டணம் பொருந்தலாம். உதவித்தொகைத் தொகை சிறியது; அது திறந்துவிடும் சலுகை பெரியது. நம் மாதிரிக் கணக்கில் இதனால் 16,000 டாலர் குறைந்தால் கடன் சுமார் 30 லட்சமாகும், தவணை 50,000 ரூபாய்க்கு இறங்கும். அட்மிட் கடிதத்தில் அந்தச் சலுகை எழுத்தில் இருக்கிறதா, ஒரு வருடத்துக்கா முழுப் படிப்புக்குமா, எந்த ஜிபிஏ-வுக்குக் கீழே போனால் பறிபோகும் என்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

அசிஸ்டென்ட்ஷிப் இன்னொரு வழி. வாரம் 20 மணி நேரப் பணிக்குக் கட்டணத் தள்ளுபடியும் மாதத் தொகையும் கிடைக்கும். முதுகலை மாணவருக்கு இது பெரும்பாலும் இரண்டாம் செமஸ்டரிலிருந்துதான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. கிடைத்தாலும் கட்டாயக் கட்டணங்கள் தள்ளுபடியில் வராத இடங்கள் உண்டு. அது செமஸ்டருக்கு ஆயிரம் டாலரைத் தாண்டலாம்.

இங்கே தவறு நடப்பது ஊரில். பல்கலைக்கழகம் நிறுவனங்கள் இல்லாத சிறு நகரத்தில் இருந்தால், வாடகையில் மிச்சம் பிடித்ததை இன்டர்ன்ஷிப் கிடைக்காமல் இழப்பீர்கள். டல்லாஸ், ஹூஸ்டன், ஃபீனிக்ஸ் பகுதி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு உள்ள பலம், செமஸ்டர் நடுவிலும் பக்கத்திலேயே சிபிடி-யில் (படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதி) வேலை பார்க்கலாம் என்பது. ஆனால் முழுநேர சிபிடி 12 மாதம் ஆகிவிட்டால் ஓபிடி உரிமை போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. சேர்ந்த முதல் நாளிலிருந்தே முழுநேர சிபிடி தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்) வந்தவுடன் அதில் படிப்பின் துறையைக் காட்டும் சிஐபி குறியீட்டைப் பாருங்கள். 11.0701 கணினி அறிவியல், ஸ்டெம். பொது மேலாண்மை சார்ந்த 52.0201 ஸ்டெம் இல்லை. படிப்பின் பெயரில் "டெக்னாலஜி" என்று இருந்தும் குறியீடு ஸ்டெம்மில் இல்லாவிட்டால் 24 மாதம் போச்சு. 36 மாதம் 12 மாதமாவது, எந்தப் பெயராலும் ஈடுகட்ட முடியாத நஷ்டம். ஓபிடி-யின் முதல் ஆண்டில் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கவும் முடியாது.

## தேர்வு 3: ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம்

கட்டணம் இல்லை என்பது பெரும்பாலான மாநிலங்களுக்கு உண்மை. முக்கியமான விலக்குகள் இரண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் (ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் எல்லாம் இங்கேதான்) 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டர் முதல் முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. பெயரா கட்டணமா என்ற அதே கேள்வி இப்போது ஜெர்மனிக்கு உள்ளேயும் வந்துவிட்டது. மியூனிக்கில் வாடகையும் நாட்டிலேயே மிக உயர்வு. ஆகன், டிரெஸ்டன், டார்ம்ஸ்டாட் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களை ஜெர்மன் நிறுவனங்கள் மியூனிக்குக்குப் பெரிதும் குறைவாக மதிப்பதில்லை. அங்கே பட்டத்தின் பெயரைவிட, என்ன பாடம் எடுத்தீர்கள், எந்த நிறுவனத்தில் ஆய்வேடு செய்தீர்கள், ஜெர்மன் பேசுவீர்களா என்பதே பேச்சு.

கிளம்ப முன்கூட்டிக் காட்ட வேண்டிய பணம்: முடக்கக் கணக்கில் 11,904 யூரோ, அதாவது மாதம் 992 வீதம் ஓர் ஆண்டுக்கு, சுமார் 12.5 லட்சம் ரூபாய். இது கட்டணமாகப் போகும் பணமில்லை; அங்கே போனதும் மாதாமாதம் உங்களுக்கே வரும். 2022 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு ஏபிஎஸ் (கல்வி ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும்) சான்றிதழ் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியே விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30.

நுழைய முடியுமா என்பதை மதிப்பெண் மாற்றுச் சூத்திரத்தில் நீங்களே பார்க்கலாம். 10-லிருந்து உங்கள் சிஜிபிஏ-வைக் கழியுங்கள். அதை, 10-லிருந்து தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் புள்ளியைக் கழித்து வருவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். சிஜிபிஏ 8.2, தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 2.08 வரும். ஜெர்மனியில் எண் குறையக் குறைய நல்லது; பல படிப்புகள் 2.5 அல்லது அதற்கு நல்லதைக் கேட்கும். இந்தச் சூத்திரத்தில் 2.5 என்பது சிஜிபிஏ 7.5. எண் சரியாக இருந்தும் நிராகரிப்பு வருவதற்குப் பெரிய காரணம், பாடப் பொருத்தம் இல்லாமை. மெக்கானிக்கல் படித்துவிட்டு இன்ஃபர்மேட்டிக்குக்கு (கணினி அறிவியல்) விண்ணப்பித்தால், தியரி, அல்காரிதம் பாடங்களின் கிரெடிட் போதவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அமெரிக்கா மாதிரி எஸ்ஓபி-யில் (ஏன் இந்தப் படிப்பு என்று எழுதும் கட்டுரை) கதை சொல்லி இதைச் சரிக்கட்ட முடியாது.

மறைந்திருக்கும் விலை இங்கே பணமாக இல்லை, காலமாக இருக்கிறது. நான்கு செமஸ்டர் படிப்பை ஐந்தோ ஆறோ செமஸ்டரில் முடிப்பவர்கள் நிறைய. பகுதிநேர வேலை ஒரு காரணம், தேர்வுகளின் கடினம் இன்னொன்று. பெரும்பாலான பாடங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாம் முறையும் தோற்றால் பெயர் நீக்கம்; அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாமல் போகும். அரியர் வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நம் ஊரில் பழகியவர்கள் இதை முதல் செமஸ்டரிலேயே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

மொழி அடுத்தது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். வேலை ஜெர்மனில் நடக்கும். ஐடி தவிர்த்த பொறியியல் வேலைகளுக்கு பி2 (ஏ1-இல் தொடங்கும் மொழி நிலைகளில் நான்காவது) இல்லாமல் நேர்காணலே வராது என்று வைத்துக்கொள்வது நல்லது. கிளம்புவதற்கு முன் சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறு நல்ல இடத்திலோ ஏ2 முடித்துவிட்டுப் போனால், அங்கே பகுதிநேர வேலைக்கும் உதவும்.

சம்பாதிக்க அனுமதி ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். 2026-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ, மினிஜாப் (சிறு பகுதிநேர வேலை) என்றால் மாதம் 603 யூரோ வரை. இது வாடகையைத் தாங்கும், வாழ்க்கை முழுவதையும் தாங்காது. முதல் ஆறு மாதம் வேலை கிடைக்காது என்று கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். இன்னொரு சின்ன விவரம்: மாணவர் விலையில் பொதுக் காப்பீடு 30 வயது வரைதான்.

படித்தபின் வேலை தேட 18 மாதம் கிடைக்கும். குலுக்கல் எதுவும் இல்லை. 2026-இல் புது பட்டதாரிகளுக்கு ப்ளூ கார்டுக்கான (பட்டதாரிகளுக்கான வேலை, வசிப்பு அனுமதி) ஆண்டுச் சம்பள வரம்பு 45,934.20 யூரோ. அது கிடைத்தபின் பி1 ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில், ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர வசிப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் இந்தியர்கள் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் ஆண்டுகளோடு இதை ஒப்பிட வேண்டும். சம்பளம் அமெரிக்காவைவிடக் குறைவு, வரி அதிகம், உறுதி அதிகம்.

ஓர் எச்சரிக்கை. "ஜெர்மனி" என்ற பெயரில் கன்சல்டன்சிகள் தனியார் கல்லூரிகளைத் தள்ளிவிடுகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குக் கமிஷன் தருவதில்லை என்பதுதான் காரணம். ஆண்டுக்குப் பத்துப் பதினைந்தாயிரம் யூரோ வாங்கும் அந்த இடங்களில் பெயரும் இல்லை, மலிவும் இல்லை. கல்வி நிறுவனங்களின் அங்கீகாரத்தைக் காட்டும் அனபின் தரவுத்தளத்தில் எச்+ (அங்கீகாரம் பெற்றது) என்று இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. அரசு நிறுவனமா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

## பெயரும் மலிவும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள்

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாதது இதுதான்.

கனடாவில் ஆய்வேட்டு முதுகலை. டொராண்டோ, வாட்டர்லூ, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகியவற்றில் ஆய்வுவழி முதுகலையில் சேரும் பொறியியல், அறிவியல் மாணவர்களுக்குப் பொதுவாகத் துறையே உதவித்தொகை தரும். பேராசிரியர் ஒருவர் ஏற்க வேண்டும். அதற்கு விண்ணப்பத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே, அவருடைய கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுத வேண்டும். படிப்பு இரண்டு வருடத்துக்குக் குறைவானாலும் முதுகலை முடித்தவருக்கு 3 ஆண்டு வேலை அனுமதி கிடைக்கும். பாடவழி எம்.இங். வேறு, அதற்கு முழுக் கட்டணம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைகள், உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்குக் கட்டணத்தோடு மாதம் 1,400 யூரோவும் தருகின்றன. பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு, க்யூஎஸ் முதல் 500 பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் கிடைக்கிறது. இங்கே தரவரிசை உண்மையிலேயே பணத்தைத் தீர்மானிக்கிறது. இந்தத் தகுதி உள்ளவர் பட்டியலில் மேலே உள்ள பெயரையே தேட வேண்டும். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத் துறைத் திட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆய்வில் உண்மையான ஆர்வம் உள்ளவர் அமெரிக்காவில் நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், எம்.எஸ். கட்டாயமில்லை. கட்டணமும் மாதத் தொகையும் பல்கலைக்கழகமே தரும்.

ஜார்ஜியா டெக்கின் ஆன்லைன் கணினி அறிவியல் முதுகலை 2014-இல் தொடங்கியது. மொத்தக் கட்டணம் 10,000 டாலருக்குள். விசாவும் ஓபிடி-யும் இதில் கிடைக்காது. வேலையில் இருந்துகொண்டே அறிவும் பெயரும் மட்டும் வேண்டும் என்பவருக்கு இதற்கு நிகரான பேரம் இல்லை.

## கடனில் கவனிக்க வேண்டியவை

ரூபாயில் அனுமதித்த கடன், டாலர் ஏறும்போது கடைசி செமஸ்டருக்குப் போதாமல் போகும். அனுமதி வாங்கும்போதே தேவைக்கு மேல் எட்டுப் பத்து சதவீதம் கூட்டிக் கேளுங்கள். எடுக்காத தொகைக்கு வட்டி இல்லை. பிராடிஜி, எம்பவர் போன்ற நிறுவனங்கள் பிணையில்லாமல் டாலரில் தருகின்றன. அங்கேயே வேலை என்றால் சரி. ஊர் திரும்பினால் ரூபாயில் சம்பாதித்து டாலரில் கட்ட வேண்டும்.

வங்கிக் கடனிலிருந்து போகும் கட்டணத்துக்கு டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வாங்கும் வரி) பிடித்தம் இல்லை. சொந்தப் பணம் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டி அனுப்பினால் உண்டு. வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். கல்விக் கடன் வட்டி முழுவதுக்கும் 8 ஆண்டு வரிவிலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். சொத்துப் பிணைக் கடனுக்குப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வங்கி வழக்கறிஞரின் கருத்து எல்லாம் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். பூர்விகச் சொத்தில் பங்காளிகளின் கையெழுத்து தேவைப்பட்டால் இன்னும் கூடும். அட்மிட் வரும்வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே தொடங்குங்கள்.

## முன்பணம் கட்டுவதற்கு முன்

படிப்புக்கான வேலைவாய்ப்பு அறிக்கையில் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன், எத்தனை பேரிடமிருந்து தகவல் வந்தது என்று பாருங்கள். நூறு பேரில் ஐம்பது பேர் மட்டும் பதில் சொல்லி, அதில் 90 சதவீதத்தினருக்கு வேலை என்றால், உறுதியாகத் தெரிவது நூற்றுக்கு 45 பேர்தான். அந்த எண் பெரிய பெயர்களிலும் சில நேரம் அதிர்ச்சி தரும். லிங்க்ட்இன்-இல் அதே படிப்பை முடித்த, இந்தியாவில் இளங்கலை படித்த இருபது பேரைத் தேடி, முதல் வேலை எங்கே, எத்தனை மாதத்தில் என்று பாருங்கள். எந்தத் தரவரிசையையும்விட இது பயன்படும்.

நிதியுதவியோடு வந்த ஆஃபருக்கு உடனே பதில் கேட்டு நெருக்கினால், அந்தப் பல்கலைக்கழகம் ஏப்ரல் 15 உடன்பாட்டில் கையெழுத்திட்டதா என்று பாருங்கள். கையெழுத்திட்டவை அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. நிதியுதவி இல்லாத அட்மிட்டுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. முன்பணம் பெரும்பாலும் திரும்ப வராது. பெரிய பெயரிலிருந்து வந்த கடிதத்தை வைத்து இரண்டாவது பல்கலைக்கழகத்திடம் உதவித்தொகையை மறுபரிசீலனை செய்யும்படி பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் சில நேரம் ஆயிரம் இரண்டாயிரம் டாலர் கிடைக்கும். டெக்சாஸில் அந்த ஆயிரமே கட்டணத்தை மாற்றிவிடலாம்.

இரண்டு ஐ-20 கையில் இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகத்தின் செவிஸ் எண்ணுக்கே (ஐ-20-இல் உள்ள மாணவர் பதிவு எண்) 350 டாலர் கட்டணத்தைக் கட்டி, டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்திலும் அதே எண்ணைப் போடுங்கள். விசாவில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகும். முதல் முறை உள்ளே நுழையும்போது அங்கேதான் சேரப் போக வேண்டும். மனம் மாறினால் விசா நேர்காணலுக்கு முன்பே மாறிவிடுங்கள்.